யாழ்ப்பாணத்துக் காற்றை யாழ்ப்பாணமே ஆராய வேண்டும்

2022 டிசெம்பர் 8ஆம் திகதி யாழ்ப்பாணத்து வானம் மங்கிக் கிடந்தது. வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் தமிழகக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் சுழற்சி வடக்கிலிருந்து இழுத்துவந்த அழுக்குக் காற்று இலங்கை முழுவதும் பரவியது. யாழ்ப்பாணத்தின் காற்றுத் தரச் சுட்டெண் 200ஐத் தாண்டியது. மறுநாள் நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான கால்நடைகள் இறந்தன. கடுங்குளிரே காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: இது எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து வந்தது என்ற பதில் உடனே கிடைத்தது. பெரும்பகுதி உண்மையான பதில்தான். ஆனால் அதற்கு அடுத்த கேள்விகள் அப்படியே நின்றுவிட்டன. அந்தக் காற்றில் இருந்தவை எவை? எவ்வளவு அக்கரையினது, எவ்வளவு எங்கள் ஊரினது? புயல் இல்லாத சாதாரண மார்கழி நாளில் நிலைமை என்ன? அதன் பிறகு வந்த மாரிகாலங்களிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் காற்றின் தரம் குறித்து எச்சரித்தே வருகிறது. எச்சரிக்கையில் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணைக் கைபேசியில் பார்த்துவிட்டு வாசல் கதவைச் சாத்துகிறோம். இரண்டு நாளில் மழை பெய்ததும் மறந்துபோகிறோம்.

எண் மட்டும் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். காற்றில் மிதக்கும் நுண்துணிக்கைகளையும் அவற்றை உண்டாக்கும் இரசாயனத்தையும் பட்டப்பின் கற்கையாக, முதுமாணி, கலாநிதி மட்டத்தில், ஆண்டுக்கணக்காகப் படிக்கும் ஒரு குழு யாழ்ப்பாணத்திலேயே வேண்டும். கொழும்பில் ஒருவர் எங்களுக்காகப் படிப்பதும் ஒஸ்லோவில் எங்கள் பிள்ளை ஒருவர் நோர்வேயின் காற்றைப் படிப்பதும் நல்லவைதான். ஆனால் இந்தக் குடாநாட்டின் காற்றுக்கு அவை ஈடாகமாட்டா.

இரண்டு காற்று, ஓர் ஆய்வுகூடம்

இந்தத் துறைக்கு யாழ்ப்பாணத்தைவிடப் பொருத்தமான இடங்கள் உலகில் அதிகம் இல்லை. காரணம் இங்குள்ள ஒவ்வொரு கடற்றொழிலாளருக்கும் தெரியும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் வீசும். அது மன்னார் வளைகுடாவைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்று. பெரும்பாலும் கடல்வழிக் காற்று. கார்த்திகையிலிருந்து தை, மாசி வரை வாடை. அது வங்காள விரிகுடாவின் மேலாக வடகிழக்கிலிருந்து இறங்கும் காற்று. அதன் பின்னால் கங்கைச் சமவெளி முழுவதும் இருக்கிறது.

குளிர்காலத்தில் அந்தச் சமவெளியில் நடப்பது உலகறிந்தது. வைக்கோல் எரிப்பு, செங்கற்சூளை, நிலக்கரி மின்நிலையம், கோடிக்கணக்கான விறகடுப்புகள். வடக்கே இமயம் சுவராக நிற்கிறது. இரவில் தரை குளிர, அதன் மேலிருக்கும் சூடான காற்று மூடியாகி, புகையை மேலெழ விடாமல் அமுக்குகிறது. அது தப்பிச் செல்லும் பெருவழிகளில் ஒன்று வங்காள விரிகுடா. கொல்கத்தாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். காற்று மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் நான்கு நாட்களில் வந்து சேரும். மழை கழுவாவிட்டால் நுண்துணிக்கை ஒன்று ஒரு வாரமளவு காற்றில் தங்கும். ஆகவே கங்கைக்கரையில் எரிந்தது வல்லிபுரக் கோயிலடியில் மூச்சோடு உள்ளே போவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

ஆக, ஆண்டின் ஒரு பகுதியில் கடற்காற்று. இன்னொரு பகுதியில் ஒரு துணைக்கண்டத்தின் புகைக்காற்று. இடையில் மாறாமல் இருப்பவை எங்கள் வீதிகளும் அடுப்புகளும் குப்பைமேடுகளும். சோளகக் காலத்தில் அளந்தால் கடலுப்புக்கு மேலாகக் கிடைப்பதில் பெரும்பங்கு எங்களுடையது. வாடைக் காலத்தில் அளந்தால் எங்களுடையதும் வந்ததும் சேர்ந்திருக்கும். இயற்கையே ஒப்பீட்டுக்கு வசதி செய்து வைத்திருக்கிறது. வேறு நகரங்களில் கணினி மாதிரிகளை வைத்துப் பிரிக்கப் பாடுபடும் ஒன்றை இங்கே காற்றே பாதி பிரித்துக் கொடுக்கிறது.

இதை இன்னும் கூர்மையாக்கலாம். பருத்தித்துறைப் பக்கம் வடமராட்சிக் கரையில் ஒரு மாதிரி சேகரிப்புக் கருவி. திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தில் இன்னொன்று. வாடை வீசும் நாளில் கரையில் உள்ளது கடலைத் தாண்டி வந்ததை மட்டும் பிடிக்கும். திருநெல்வேலியில் உள்ளது அதோடு குடாநாடு சேர்த்ததையும் பிடிக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எங்கள் பங்கு வெளியே வரும். பகலில் கடற்காற்றும் இரவில் தரைக்காற்றும் இந்தக் கணக்கைக் குழப்பத்தான் செய்யும். அந்தக் குழப்பத்தை அவிழ்ப்பதுதான் ஒரு முதுமாணி மாணவரின் வேலை.

ஒரு வடிதாள் சொல்லும் கதை

இந்தப் படிப்பில் அன்றாடம் செய்யும் வேலை என்னவென்று பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்ட வடிதாள். அதன் ஊடாக ஒரு பம்பி நிமிடத்துக்கு 16.7 லீற்றர் காற்றை இழுக்கிறது. நாள் முழுவதும் ஓடினால் 24 கனமீற்றர். பெரிய துணிக்கைகளை வழியிலேயே விலக்கிவிட்டு, பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகளை மட்டும் வடிதாளில் சேரவிடுகிறார்கள். இலங்கையில் 2008ஆம் ஆண்டின் தரநியமம் இதற்கு ஒரு நாள் சராசரியாக அனுமதிப்பது கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம். அந்த எல்லையைத் தொட்ட காற்றானாலும், நாள் முடிவில் வடிதாளில் படிந்திருப்பது 1.2 மில்லிகிராம்தான், ஓர் அரிசிமணியின் எடையில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்த வழிகாட்டி அளவு இன்னும் குறைவு: நாளொன்றுக்கு 15, ஆண்டுச் சராசரி 5. எங்கள் ஆண்டுச் சராசரி எல்லையோ 25.

அந்த 1.2 மில்லிகிராமை நிறுப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். யாழ்ப்பாணத்தில் மாரிகாலத்தில் சாடிக்குள் இருக்கும் உப்பு கசிவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். சுத்தமான கறியுப்பு, ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அமோனியம் சல்பேற்றுக்கு அந்த எல்லை 80 சதவீதம். வடிதாளில் இருக்கும் கடலுப்பும் சல்பேற்றும் இதையேதான் செய்யும். ஈரத்தோடு நிறுத்தால் நீரையும் தூசி என்று எழுதிவிடுவோம். அதனால் ஈரப்பதனும் வெப்பநிலையும் மாறாத அறையில் வடிதாளை ஒரு நாள் வைத்திருந்து, மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் நிறுக்கிறார்கள்.

இப்போது பலரும் வாங்கிச் சுவரில் மாட்டும் மலிவான உணரிகளின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. அவை துணிக்கைகள் சிதறடிக்கும் ஒளியை வைத்து அளப்பவை. ஈரத்தில் பருத்த துணிக்கை அதிக ஒளியைச் சிதறடிக்கும். உணரி கூடிய எண்ணைக் காட்டும். மூன்று பக்கம் கடலும் நடுவே கடல்நீரேரியும் உள்ள மண்ணில் இந்தப் பிழை சிறியதாக இருக்காது. அதைத் திருத்த வடிதாளில் எடுத்த உண்மை அளவு பக்கத்தில் இருக்கவேண்டும். வேறு நாட்டில், வேறு காலநிலையில் செய்த திருத்தத்தை எடுத்து இங்கே பொருத்திவிட முடியாது.

நிறுத்த பின்னர்தான் இரசாயனம் தொடங்குகிறது. வடிதாளின் ஒரு துண்டைச் சுத்தமான நீரில் ஊறவைத்து அயன்களைப் பிரித்து அளக்கிறார்கள். சோடியம் இருந்தால் கடல். கடல்நீரில் சோடியத்தின் எடைக்கு நான்கில் ஒரு பங்கு சல்பேற்று இருக்கும். இந்த விகிதம் உலகின் எல்லாக் கடலிலும் ஏறத்தாழ ஒன்றே. உதாரணத்துக்கு, ஒரு கனமீற்றரில் 1 மைக்ரோகிராம் சோடியமும் 6 மைக்ரோகிராம் சல்பேற்றும் கண்டால், கடல் தந்த சல்பேற்று 0.25தான். மிச்சம் 5.75 எரிபொருளின் கந்தகத்திலிருந்து பெரும்பாலும் வந்தது. நிலக்கரியோ எண்ணெயோ எரியும்போது கந்தகவீரொட்சைட்டாக வெளியேறி, வெயில் உண்டாக்கும் ஐதரொட்சில் மூலிகத்தோடும் முகில் துளிக்குள்ளே ஐதரசன் பேரொட்சைட்டோடும் தாக்கமுற்று, கந்தக அமிலமாகி, வயல்களிலும் மாட்டுப்பட்டிகளிலும் இருந்து எழும் அமோனியாவோடு சேர்ந்து திண்மமானது. அதாவது அது புகைபோக்கியிலிருந்து துணிக்கையாக வரவில்லை, வழியில் பிறந்தது.

இன்னொரு சான்று குளோரைட்டு. கடல்நீரில் சோடியத்தின் எடையைப்போல் 1.8 மடங்கு குளோரைட்டு உண்டு. நைத்திரிக் அமிலம் கலந்த அழுக்குக் காற்று உப்புத் துணிக்கையைத் தொட்டால், நைத்திரேற்று உள்ளே புகும்; குளோரைட்டு ஐதரசன் குளோரைட்டு வாயுவாக வெளியேறும். ஆகவே விகிதம் 1.8இலிருந்து எவ்வளவு இறங்குகிறதோ, அந்தக் கடற்காற்று அவ்வளவு புகையைச் சந்தித்திருக்கிறது. எங்கள் கரைக்கு வரும் உப்புக் காற்றே தான் வந்த வழியைச் சொல்லும். கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

உள்ளூர்ப் புகைக்கும் அடையாளங்கள் உண்டு. மாலையில் வளவு கூட்டி, சருகையும் பனையோலையையும் பொச்சையும் குவித்து எரிப்பது எங்கள் பழைய பழக்கம். இப்போது அந்தக் குவியலில் சொப்பிங் பைகளும் பிளாஸ்டிக் போத்தல்களும் சேர்ந்துவிட்டன. கல்லுண்டாய்வெளிக் குப்பைமேடு தீப்பற்றினால் அயலூர்கள் புகைக்குள் இருக்கின்றன. மரமும் ஓலையும் எரியும்போது செலுலோசு உடைந்து லெவோகுளுக்கோசன் என்ற சேர்வை உண்டாகும். பெற்றோலிலிருந்தும் டீசலிலிருந்தும் அது வராது. கனத்த எரி எண்ணெய் எரிந்தால் வனேடியமும் நிக்கலும் வரும். வலிகாமத்துச் செம்மண் கிளம்பினால் இரும்பும் அலுமினியமும். சுண்ணக்கல் தூசி என்றால் கல்சியம். ஒரு வடிதாளில் இத்தனையும் ஒன்றாகக் கலந்திருக்கும். நூற்றுக்கணக்கான வடிதாள்களின் தரவை ஒன்றாக வைத்து, எது எதோடு கூடிக் குறைகிறது என்று புள்ளிவிபரவியல் வழியாகப் பார்த்து மூலங்களைப் பிரிக்கிறார்கள். இதற்கு இரசாயனவியல், பௌதிகவியல், வானிலையியல், புள்ளிவிபரவியல் நான்கும் தெரிந்திருக்க வேண்டும். இளமாணிப் பட்டத்தோடு இது வந்துவிடாது. அதனால்தான் பட்டப்பின் கற்கையை வற்புறுத்துகிறேன்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

எங்களுக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1999 ஜனவரியிலிருந்து மார்ச் வரை, இந்தோயெக்ஸ் என்ற பெரும் ஆய்வு மாலைதீவை மையமாகக் கொண்டு நடந்தது. விமானங்களும் கப்பல்களும் செய்மதிகளும் சேர்ந்து, இந்தியப் பெருங்கடலின் மேல் குளிர்காலத்தில் படரும் பழுப்பு நிறப் புகைமண்டலத்தை அளந்தன. அதை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் 1995இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட போல் குருட்சன். மற்றவர் வீரபத்ரன் ராமநாதன். 1944இல் பிறந்த தமிழர். கடலுக்கு அப்பால் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். செக்கந்தராபாத்தில் குளிர்சாதனப்பெட்டி நிறுவனம் ஒன்றில் வேலைசெய்தபோது, குளிர்விக்கும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் பொறுப்பாக இருந்தது. பிறகு அமெரிக்காவில் ஆய்வுசெய்து, அதே குளோரோபுளோரோகாபன் வாயுவின் ஒரு மூலக்கூறு காபனீரொட்சைட்டின் ஒரு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்கு அளவில் வெப்பத்தைச் சிறைப்பிடிக்கக்கூடியது என்று 1975இல் எழுதினார். தொழிற்சாலைத் தரையில் கண்ட கசிவு ஒரு துறையின் அடித்தளமாயிற்று.

இந்தோயெக்ஸ் முடிந்த பின்னர் மாலைதீவின் வடக்கே ஹனிமாதூ என்ற சிறு தீவில் ஒரு நிரந்தர நிலையம் எழுந்தது. அங்கே சேகரித்த வடிதாள்கள்தான் தெற்காசியாவின் மிகப் பெரிய தர்க்கம் ஒன்றைத் தீர்த்தன. அந்தப் புகைமண்டலத்தில் இருக்கும் புகைக்கரி வாகனங்களினதும் நிலக்கரியினதுமா, அல்லது விறகு, வறட்டி, வைக்கோல் எரிப்பினதா? சுவீடனின் ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர்யான் குஸ்தாஃப்சொன் குழுவினர் காபன் 14ஐ அளந்தார்கள். அதன் அரைவாழ்வுக் காலம் 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது மிஞ்சியிராது. நேற்று வெட்டிய விறகில் இருக்கும். 2009இல் வெளியான விடை: புகைக்கரியில் மூன்றில் இரண்டு பங்கு உயிர்ப்பொருள் எரிந்து வந்தது. வாகனத்தை நோக்கி நீண்டிருந்த விரல் அடுப்பையும் வயலையும் நோக்கித் திரும்பவேண்டி வந்தது.

இன்னொரு தீவு பார்படோஸ். மயாமி பல்கலைக்கழகத்தின் ஜோசப் புரொஸ்பெரோ 1965இல் அங்கே காற்றுத் தூசியைச் சேகரிக்கத் தொடங்கினார். அத்திலாந்திக் பெருங்கடலைத் தாண்டி ஆபிரிக்கப் பாலைவனத் தூசி அங்கு வருவதும், 1970களிலும் 80களிலும் சாகேல் வறட்சியோடு அது பெருகியதும் அந்த நீண்ட தொடரால்தான் உறுதியாயின. ஒரே இடத்தில், ஒரே முறையில், நிறுத்தாமல் அளந்ததே அதன் பலம்.

அளவீடு அரசியலையும் அசைக்கும். 1967இல் சுவீடனின் மண்ணியலாளர் ஸ்வாந்தே ஓடேன், தம் நாட்டு ஏரிகளை அமிலமாக்குவது அயல்நாடுகளின் கந்தகப் புகை என்று ஒரு நாளிதழில் எழுதினார். ஐரோப்பாவில் 1950களிலிருந்து மழைநீரைச் சேகரித்துப் பகுத்துவந்த நிலையங்களின் தரவு அவர் கையில் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில், 1979இல், நாடு கடந்து பரவும் காற்று மாசு பற்றிய ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானது. தெற்காசியாவிலும் 1998ஆம் ஆண்டின் மாலே பிரகடனம் உண்டு. இலங்கையும் இந்தியாவும் உட்பட எட்டு நாடுகள் அதில் இணைந்தன. ஆனால் பிரகடனத்துக்குப் பல் முளைப்பது தரவினால். இந்தியாவோடு இதைப் பேசும் ஒரு நாள் வந்தால், மேசையில் வைப்பதற்கு யாழ்ப்பாணத்தின் பத்தாண்டு வடிதாள் கணக்கு இருக்கவேண்டும். அக்கரையில் இருப்பவர்களும் இதே புகையைச் சுவாசிக்கும் எங்கள் உறவுகள்தான். பகைமைக்காக அல்லாமல், சேர்ந்து தீர்ப்பதற்காகவே அந்தக் கணக்கைக் கேட்கிறோம்.

நீரில் படித்த பாடம்

அளவீட்டை நம்பத்தகுந்த உள்ளூர்க் குழு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சுன்னாகம் காட்டிவிட்டது. அங்கே மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தது என்று மக்கள் குமுறிய காலத்தில், ஒரு குழு ஒன்றைச் சொல்ல, இன்னொரு நிறுவனம் வேறொன்றைச் சொல்லியது. வாளியில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்தவர்கள் எதை நம்புவது என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீர் கிணற்றில் நிற்கும். மாதிரி எடுத்து வைக்கலாம். காற்று நிற்காது. இன்று அளக்காத காற்றை நாளை எந்த நீதிமன்றமும் அளக்கமுடியாது.

எங்கள் கடந்தகாலத்தின் கணிசமான பகுதி இப்படியே போய்விட்டது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இலிருந்து 1990 வரை இயங்கியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த நெடி இன்றும் பலர் நினைவில் இருக்கிறது. அன்று அதை அளக்கும் நிலை எவருக்கும் இருக்கவில்லை. இன்று தொய்வும் நெஞ்சு வருத்தமுமாக வைத்தியசாலைக்கு வரும் ஐம்பது, அறுபது வயதினர் அந்தக் காற்றில் வளர்ந்தவர்கள். வெளிக்காற்றின் மாசும் அதிலுள்ள துணிக்கைகளும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் வகைப்படுத்திவிட்டது. அடுத்த தலைமுறையின் நோய்க்கணக்கைப் படிக்கும் வைத்தியருக்காவது காற்றின் கணக்கு பக்கத்தில் இருக்கட்டும்.

தொடங்குவது எப்படி

வீட்டில் ஒரு பிள்ளை இந்தத் துறைக்குப் போகப்போகிறேன் என்றால், "தம்பி, இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போறாய்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்களுக்கும் இந்த அறிவு தேவை. துணிக்கைகளைப் பகுக்கக் கற்றவர் மருந்து, உணவு, நீர் ஆய்வுகூடங்களிலும் வேலை செய்யலாம். ஆனால் வேலைக் கணக்கு மட்டும் பேசி இந்தத் துறையை வளர்க்கமுடியாது. உள்ளூரில் தேர்ச்சி பெற்ற ஒருவர் இருந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு, யாழ். பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா வெளியிடும் மழை, புயல் முன்னறிவிப்புகள் சான்று. அவற்றைப் பார்த்துத்தான் வடக்கில் பலரும் வெங்காயம் கிண்டவும் கடலுக்குப் போகவும் நாள் பார்க்கிறார்கள். காற்றின் தரத்துக்கும் அப்படி ஒரு நம்பிக்கையான குரல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இரசாயனம் புதிதல்ல. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மேலைமருத்துவம் கற்பித்த காலத்திலேயே இரசாயனவியல் பாடநூல் தமிழாக்கப்பட்டு, 1875இல் கெமிஸ்தம் என்ற பெயரில் வெளிவந்தது. 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ். பல்கலைக்கழகத்தில் இன்று இரசாயனவியல், பௌதிகவியல், புவியியல் துறைகளும் மருத்துவ பீடமும் இருக்கின்றன. பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சியில். தேவையான துறைகள் எல்லாம் உண்டு. அவற்றை இணைத்து ஒரே கேள்வியில் நிறுத்தும் பட்டப்பின் நிகழ்ச்சித்திட்டம் வேண்டும். மாணவர் ஒருவருக்கு இரசாயனவியலிலிருந்து ஒரு மேற்பார்வையாளர், புவியியலிலிருந்தோ மருத்துவத்திலிருந்தோ இன்னொருவர். ஓர் ஆய்வேடு முடிந்ததும் கருவி மூலைக்குப் போய்விடக்கூடாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கவேண்டும்.

பணம் பெரிய தடைதான். அயன்களைப் பகுக்கும் கருவியும் நுண்தராசும் இறக்குமதி. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ரூபாயில் அவற்றின் விலை தலைசுற்ற வைக்கிறது. ஆனால் முதல் நாளே எல்லாம் வேண்டியதில்லை. தொடக்கத்தில் பம்பி, வடிதாள், குளிரூட்டி இருந்தால் போதும். முறையாகக் குளிரில் வைத்த வடிதாளைப் பகுப்பாய்வுக்கு வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கண்டி நகரின் காற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பேராசிரியர் ஓ. ஏ. இலேபெருமவின் மரபு இருக்கிறது, அங்கிருந்து கற்கலாம். காற்று வந்த வழியைப் பின்னோக்கிக் கணிக்கும் ஹைஸ்பிளிற் மென்பொருளை அமெரிக்க அரச நிறுவனம் ஒன்று இலவசமாகத் தருகிறது. டெரா செய்மதியின் மோடிஸ் கருவி 2000ஆம் ஆண்டிலிருந்து எங்கள் வானத்தையும் படமெடுத்து வருகிறது; அந்தத் தரவும் இலவசம். ஹார்வர்ட் பேராசிரியர் டானியல் ஜேக்கப்பின் வளிமண்டல இரசாயனவியல் பாடநூலை இணையத்தில் எவரும் வாசிக்கலாம். ஒரு மடிகணினியோடு முதல் ஆறு மாத வேலையை இன்றே தொடங்கமுடியும்.

புலம்பெயர்ந்த எங்கள் அறிவியலாளர்களிடம் இரண்டு உதவிகளைக் கேட்கலாம். ஒன்று, தங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு யாழ்ப்பாண மாணவருக்குச் சில மாதப் பயிற்சி. மற்றது, இணை மேற்பார்வை. பழைய கருவிகளை அனுப்புவதைவிட இது பயன் தரும். பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் இல்லாத கருவி சுமைதான்.

பெற்ற தரவு பூட்டிய அலுமாரிக்குள் இருக்கக்கூடாது. மாதந்தோறும் ஒரு பக்கத் தமிழ் அறிக்கை: காற்றில் எவ்வளவு, எதிலிருந்து, எந்த நேரத்தில் கூடியது. மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் அதிபர்களுக்கும் அது போய்ச்சேரவேண்டும். மாலை ஆறு மணிக்கு உயரும் பங்கு ஓலையும் பிளாஸ்டிக்கும் எரிப்பதால் வருகிறது என்று எங்கள் மண்ணில் எடுத்த அளவே காட்டினால், வீடுவீடாகப் பேசுவதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். மாறாக, மார்கழியில் உயரும் பங்கில் பெரும்பகுதி கடல்தாண்டி வருகிறது என்று தெரிந்தால், அந்த நாட்களில் குழந்தைகளையும் முதியவர்களையும் உள்ளே வைத்திருப்பதும், அயல்நாட்டோடு பேசுவதும் சரியான வழியாகும். இரண்டுக்கும் மருந்து வேறு. நோய் எது என்று பிரித்துச் சொல்லாமல் மருந்து கொடுக்கமுடியாது.

பல்கலைக்கழக மூதவையும் மாகாண நிர்வாகமும் இதை ஒரு திட்டமாக எடுத்து, ஐப்பசிக்குள் வடமராட்சிக் கரையில் ஒரு பம்பியையும் திருநெல்வேலியில் ஒரு பம்பியையும் ஓடவைக்கவேண்டும். அவற்றைப் பொறுப்பேற்கும் இரண்டு பட்டதாரிகளுக்கு மூன்று ஆண்டுக்குக் கொடுப்பனவை உறுதிசெய்யவேண்டும். மூன்று மாரியும் மூன்று கோடையும் கடந்ததும் எங்கள் காற்றில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதை முதன்முறையாகச் சொந்த அளவீட்டோடு சொல்லமுடியும். அந்த விடையைப் பெறுவதற்கு இதைவிடக் குறைந்த செலவில் வழி இல்லை. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாரியும் மீண்டும் அளக்கமுடியாத ஒரு மாரி.